வலை பொத்துகிறவள்

பஸ்தியானைக் கோட்டைக்குள் கொண்டுபோய்ப்
பதினேழு நாள்.
ஒல்லாந்தன் கரையூரை வீடு வீடாய்க் கிளறினான்,
பானைக்குள்ளும் கை விட்டான்.
செபமாலை அகப்படவில்லை.
நான் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தேன்:
ஒரு முடிச்சு, ஒரு பிரியதத்தம்.
பத்துக்கு ஒரு சோகி.
சிப்பாய் குனிந்து இழுத்துப் பார்த்தான்,
"உறுதியான வலை" என்றுவிட்டுப் போனான்.

ஆண்டவரே, நான் கேட்டது என் மனுசனை.
நீர் அனுப்பியதோ
நேற்று நடுச்சாமம்
புகையிலைச் சிப்பம் சுமந்து வந்த ஒரு வழிப்போக்கனை.
சிப்பத்தின் அடியிலிருந்து கிண்ணம் எடுத்த பிறகுதான்
சாமி என்று தெரிந்தது.
பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்தார்.
தகப்பன் பேரையே வைத்தார்.
விடியமுன் தோணி ஏறிவிட்டார்.
நாவில் அப்பம், அதிலும்
புகையிலை மணம்.

கோபமா?
கொஞ்சம் கோபந்தான், மறைக்கவில்லை.
ஆனாலும்
நான் சொன்னது காதில் விழாதவருக்கு
இத்தனை படலைக்குள்ளே
என் படலை எப்படித் தெரிந்தது?

இன்று பதினெட்டாம் நாள்.
மீண்டும் வலையோடு குந்தியிருக்கிறேன்.
பாதி செபம்.
பாதி,
வந்தால் அந்த மனுசன்
கடலுக்குப் போக வலை வேண்டுமே.