முப்பத்தொன்பது பென்ஸ்

கிளாஸ்கோவில், கோவன் சாலைக் கடையில்
கடைசி அலமாரி, அதிலும் அடித்தட்டு.
சப்பளிந்த தக்காளி டப்பா முப்பத்தொன்பது பென்ஸ்.
செங்கா குனிந்து ஆறு எடுத்தாள்.
முழங்கால் மடக்கென்றது.
உப்பினதைத் தொடாதே, நெளிந்தது பாதகமில்லை:
அவள் சட்டம் அவ்வளவுதான்.

இழுத்ததும் வளையம் மட்டும் கையோடு வந்தது.
குத்தி, நெம்பி, ஒருவழியாகத் திறந்தால்
உள்ளே தண்ணீர்தான் குடித்தனம்;
தக்காளி என்று மூன்றரை.
அதில் ஒன்று தோலைக் கழற்றவேயில்லை,
குளிருக்குப் பயந்து
வீட்டுக்குள்ளும் கோட்டோடு நிற்கிற ஆள் மாதிரி.

வெங்காயம், ஒரு சிட்டிகை சர்க்கரை,
டப்பாவை அலசிய சிவப்புத் தண்ணீர்.
இந்தப் புளிப்பு இறங்க
ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும்.
சுவரில் மீட்டர் வேறு கணக்குச் சொன்னது:
எண்பத்திரண்டு பென்ஸ் மிச்சம்.
சம்பளம் வியாழன்தான்.
பகலெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்
ஆவிக்கு நடுவே நிற்கிறாள்;
அங்கே கொதிப்பதற்கு யாரோ பணம் கட்டுகிறார்கள்.
விலை கூடின டப்பா பாதி நேரத்தில் வெந்திருக்கும்.
அந்தக் கணக்கை முன்பும் போட்டிருக்கிறாள்,
விடை தெரிந்து என்ன செய்ய?

பத்தாவது நிமிடம் அடுப்பை அணைத்தாள்.
சட்டியை மூடி, துண்டு சுற்றி,
தன் குளிர்கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டு
படுக்கையில் கிடத்தினாள்.
பக்கத்தில் தானும் சாய்ந்து
பாதங்களை
அதன் வயிற்றோடு ஒட்டிவைத்தாள்.

எட்டரைக்கு வந்த ஸ்ட்ரூவன் கதவிலேயே நின்றான்.
"யாரும்மா அது, உன் பக்கத்துல?"

"மெதுவாப் பேசு," என்றாள்.
"இன்னும் வேகலை."