கோவா என்று எழுதிய அட்டை

வூப்பர்ட்டாலில், வோவின்கெல் பக்கம்,
தலைக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகிற தெருவில்
டெட்லெஃபின் பழைய இசைத்தட்டுக் கடை.
ரயில் போகிற போதெல்லாம் கண்ணாடி நடுங்கும்.
பெட்டிகளுக்கு நடுவே நிற்கும் அட்டைகளில்
பெயர் எழுதுவது என் வேலை.

றொக் என்றால் பாறை, பாறை என்றால் ஒன்றுதான்
என்று நினைத்து வந்தவன் நான்.
கல்லுக்குள்ளும் இத்தனை சாதியா?
குனிந்த தலை நிமிராமல் கிற்றார் அடிப்பவர்கள்
சப்பாத்துப் பார்ப்போர்.
வழுக்கை விழுந்தபின் ஞாயிறு காலையில்
கார் கழுவிக்கொண்டு கேட்பது அப்பா றொக்.
உல்லாசப்படகு றொக் வாங்க வருபவர்களில்
ஒருவரிடமும் படகு இல்லை,
ஒருவர் பஸ்ஸில் வந்தார்.
ஏழாய், பதினொன்றாய் எண்ணி எண்ணி அடிப்பது கணக்கு றொக்.
அதைக் கேட்டதும் என் விரல் தொடையில்
தகிட தகதிமி போட்டது தானாக.
கணக்கில் நான் இரண்டு தரம் பெயில்.

யார் வைக்கிறார்கள் இந்தப் பட்டங்களை?
டெட்லெஃப் சொன்னதை என் பாஷையில் சொன்னால்
வாசிக்கத் தெரியாதவன்.

ஒரேயொரு அட்டையை மட்டும் எழுத விடமாட்டார்.
க்ரவுட் றொக்.
க்ரவுட் என்றால் முட்டைக்கோஸ்,
சண்டைக்காலத்தில் இங்கிலீஷ்காரன் வாயில்
ஜேர்மன்காரன் என்றும் பொருள்.
துவக்கெல்லாம் துருப்பிடித்துப் போனபிறகு
அந்தச் சொல்லை யாரோ துடைத்தெடுத்து
இவர்களுடைய மேளத்தில் ஒட்டினார்களாம்.
"தின்றோம், உண்மை" என்றார்.
"அடித்தது அது இல்லை."

பெயரில்லாத அட்டை வெள்ளையாய் நின்றது.
வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

என்னிடமும் ஒரு அட்டை உண்டு, மூன்றாய் மடித்தது.
பொறுத்துக்கொள்ளப்பட்டவர் என்று போட்டிருக்கும்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
இன்னும் ஆறு மாதம் பொறுப்பார்கள்.

ஞாபகத்துக்காக
வெள்ளை அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதினேன்: கோவா.
எங்கள் ஊரில் முட்டைக்கோஸுக்கு அதுதான் பெயர்.
இரண்டு பெட்டி தள்ளி, தென்னைமரம் வரைந்த அட்டையின் பின்னாலும்
அதையே எழுதியிருந்தேன்.
அது கடற்கரைக் கோவா,
விடியவிடிய ஆடுகிறவர்களின் இசை.

கலந்துவிட்டேன்.
ஒரு கிழமைக்கு ஒருவருக்கும் தெரியாது.

சடைமுடிப் பெண் ஒருத்தி திரும்பி வந்தாள்,
கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு.
"இருபது நிமிடம் ஒரே அடி! காலை ஐந்துக்குப் போட்டோம்,
ஒருத்தரும் உட்காரவில்லை.
இந்தக் கடற்கரையில் வேறேதும் இருக்கிறதா?"
டெட்லெஃப் உறையை வாங்கிப் பார்த்தார்.
திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கப் படத்தில், இடமிருந்து மூன்றாவதாக,
இடுப்புவரை தலைமயிரோடு ஒரு பையன்,
மூக்கு மட்டும் இப்போதும் அதே மூக்கு.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நிலவறைக்கு இறங்கிப் போனார்.
மேலே ரயில் இரண்டு போனது.
பூஞ்சணம் பிடித்த உறையோடு ஏறி வந்து
"இது அதற்குப் பக்கத்துக் கடற்கரை" என்றார்.

அவள் போனபிறகு அட்டையின் பென்சில் எழுத்தைக் காட்டி
என்னவென்று கேட்டார்.
சொன்னேன். இரண்டு அர்த்தமும் சொன்னேன்.
மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"முன்னால் எழுது. பெரிதாய்.
ஜன்னலிலும் ஒன்று வை."

இப்போது வோவின்கெலில் தமிழில் நிற்கிறது கோவா.
போன வியாழன் பின்னேரம், தள்ளுவண்டிப் பையோடு
ஒரு அக்கா கடைக்குள் எட்டிப் பார்த்தார்.
"தம்பி, கோவா கிலோ என்ன விலை?"
என்ன கேட்கிறார் என்றார் டெட்லெஃப்.
சொன்னேன்.
"இருநூற்று நாற்பது யூரோ என்று சொல்."
"அறாவிலை!" என்றார் அக்கா.
ஆனாலும் போகவில்லை. ஒன்றை உருவி எடுத்து
மூக்கருகே கொண்டுபோய்,
"ஈரம் குடிச்சிருக்கு," என்றார்,
"குறைக்க ஏலாதோ?"