சேமிப்புக் கட்டணம்

செவ்வாய்க்கிழமைதோறும்
குளிரைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.
கேப் டவுனில் மலையடிவாரத்துப் பக்கம்
கண்ணாடிக் கதவு வைத்த மூன்று மருத்துவமனைகள்.
வண்டியில் திரவ நைட்ரஜன்,
கையில் முழங்கை வரை உறை.
குழாயைத் திறந்தால் வெண்புகை
தரையோடு தவழ்ந்து போகும்.

இரண்டாவது மருத்துவமனையில், நான்காம் உருளையில்
என் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள்.
பிள்ளைகள் என்று சொல்லக்கூடாதாம்.
ஐந்து நாள் கரு, நீல மூடி,
என்று திருத்தினாள் ரசீது நீட்டிய பெண்.

நோசிபீவோவுக்குப் பத்தொன்பது வயதில்
அடிவயிற்றில் வலி.
டெல்ஃப்டில் எங்கள் பகுதிக் கிளினிக் வாசலில்
விடிவதற்கு முன்னே போய் வரிசையில் நின்றாள்.
மாத்திரை தீர்ந்துவிட்டது, வியாழன் வா என்றார்கள்.
வியாழன் வந்தது.
மாத்திரை வரவில்லை.
பதினைந்து வருடம் கழித்து ஒரு டாக்டர்
திரையில் இரண்டு இழைகளைக் காட்டி
இரண்டுமே அடைப்பு என்றார்,
அப்போதே வந்திருக்கலாமே என்றார்.
அவள் சிரித்தாள்.
எத்தனையோ சுமை இறக்கியிருக்கிறேன்,
அந்தச் சிரிப்பை இன்னும் எங்கும் இறக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியல் உண்டு.
அது நகர்ந்ததைவிட வேகமாக
அவள் வயது நகர்ந்தது.
காரை விற்றோம். அவள் தம்பியிடம் கைமாற்று.
சாவுச் செலவுக்கென்று மாதாமாதம் கட்டிய சீட்டை உடைத்து
ஒரு பிறப்புக்குக் கொடுத்தோம்.
கடனை அடைக்க முப்பத்தாறு தவணை.
கரு வைக்க ஒன்றே ஒன்று.

நாள் தள்ளிப்போனது.
யாரிடமும் சொல்லாமல் இரண்டு பேரும்
சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம் அன்றைக்கு,
உட்கார்ந்தால் கலைந்துவிடும் என்பதுபோல்.

மீன் தொழிற்சாலையில் பத்து மணி நேரம் நிற்கிற வேலை.
கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை
கிழிந்து கிடந்தது, அடுத்த மாதம் வருமாம்.
கால் வீங்கியது. செருப்பு மாற்றினாள்.
இருபத்தாறாவது வாரம் அவன் வந்துவிட்டான்.
பதினோரு நாள்.
பெயர் வைத்தோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஒருமுறை லிஃப்டில் ஒரு பெண்மணி,
காதில் முத்து, கையில் கசங்கிய டிஷ்யூ.
எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டவள்
எட்டாவது முறை என்றாள்.
என்னிடம் ஏன் சொன்னாளோ.
அவள் மேல் கோபப்பட முயன்றேன்,
மூன்றாம் மாடி வருவதற்குள் முடியவில்லை.
எட்டு என்ற எண்ணை மட்டும்
வீடு வரை கொண்டுபோனேன்.

போன வாரம் கடிதம் வந்தது:
ஆண்டுக் கட்டணம் மூன்று மாத பாக்கி.
செலுத்தத் தவறினால்,
அடுத்த சொல் 'அகற்றப்படும்'.
அதை மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள் நோசிபீவோ.
எங்கள் மொழியில் அவள் பெயருக்குள் கொடை என்ற சொல் இருக்கிறது.

இன்றும் செவ்வாய்.
முதல் உருளை, இரண்டாவது, மூன்றாவது.
நான்காவதில் அளவுகோலின் கோடு வரை ஊற்றினேன்,
பிறகு கோட்டுக்குக் கொஞ்சம் மேலே.
எந்த மூடிக்குப் பணம் வந்தது, எதற்கு வரவில்லை என்று
புகைக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மூடியது.

படிவம் நீட்டினார்கள்.
'கொடுத்தவர்' என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.
வண்டியில் ஏறி உறையைக் கழற்றினால்
அத்தனை குளிரிலும் உள்ளே
விரலெல்லாம் வியர்த்திருந்தது.