சரக்கு விவரம்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம்
ஜெனோவாவுக்குப் போகவேண்டிய இன்வாய்ஸ்
சென்னையிலிருந்தே திரும்பி வந்தது.
எருமைத் தோலுக்கு நேராக
ஸ்கின் என்று அடித்திருந்தேன்.

முனவ்வர் சாப் திட்டவில்லை.
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
மாடு, எருமை, பெருசெல்லாம் ஹைட்.
ஆடு, செம்மறி, சிறுசெல்லாம் ஸ்கின்.
கன்றுக்குட்டி?
ஸ்கின்தாம்மா.
அது வளர்ந்தால்?
தம்ளரைக் கீழே வைத்தார்.
நடுவில் கொஞ்ச நாள் அதுக்கு கிப் என்று பேர்.
அதை நாம் அனுப்புறதில்லை.

அன்றைக்கு முழுக்க அதே யோசனை.
எந்தக் காலையில்,
எத்தனையாவது வாய்ப் புல்லில்
ஒரு கன்று ஒரு சொல்லை விட்டு
இன்னொன்றுக்குள் நுழையும்?

பேரணாம்பட்டில் எங்களுக்கு எல்லாமே தோல்.
வாழைப்பழத்துக்கும் அதுதான், வேர்க்கடலைக்கும் அதுதான்.
தோல் ஷாப்பு, தோல் நாத்தம்,
ஆழ்துளைக் கிணற்றில் குளித்தால் நமைக்கிற தோல்.
இங்கிலீஷ்காரன்தான் தராசு வைத்துச்
சொல்லை அறுத்திருக்கிறான்.

டிரம் செக்ஷன் எபிநேசர்
சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட வந்தால்
இடது கையை ஜன்னல் விளிம்புக்கு மேலே தூக்கமாட்டார்.
ஒருநாள் பேனா நழுவியது. இரண்டு கையாலும் பிடித்தார்.
விரல் கணுக்களில் மிளகு கொள்ளுமளவு குழிகள்.
நகக்கண்ணில் நீலம்.
"வலிக்கலம்மா. அதான் பயமா கீது."

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக
ஷாப்பிலிருந்து ஒரு கடிதம் கேட்டார்.
சாப் என்னைக் கூப்பிட்டுக்
கதவைச் சாத்தச் சொன்னார்.
பேக்கிங் செக்ஷன்னு போடும்மா.
பதினோரு வருஷமெல்லாம் வேணாம், தினக்கூலின்னு போடு.
கெட்ட மனுஷர் இல்லை.
என் தங்கை கல்யாணத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்தவர்.
அடித்தேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

அன்றிரவு அகராதியில் ஹைட் இருந்த பக்கத்தைத் திறந்தேன்.
பெரிய விலங்கின் தோல், சரி.
அதற்கு மேலேயே
ஆறாம் வகுப்பில் படித்த அர்த்தம் உட்கார்ந்திருந்தது:
ஒளித்துவை.
அதே எழுத்துகள், அதே வரிசை.
நம்ம தமிழ் மட்டும் என்ன யோக்கியம்.
ஒளி என்றால் வெளிச்சம்.
ஒளி என்றால் மறை.

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன்.
குடியாத்தம் வரை நின்றுகொண்டே பயணம்.
தோல் நோய்ப் பிரிவு வரிசையில்
வங்காளம் பேசுகிற ஒரு குடும்பம்
நகர்ந்து எங்களுக்கு இடம் தந்தது.
படிவம் என் கையில்.
நோய் என்னவென்று ஒரு கோடு. தொழில் என்னவென்று ஒரு கோடு.
இரண்டையும் கேட்டேன்.
"தோலு" என்றார்.
சற்றுப் பொறுத்து, "ரெண்டுக்குமே தோலுதான், எழுதிக்கோ."

முதல் கோட்டில் ஸ்கின் என்று எழுதினேன்.
மனிதன் எவ்வளவு எடை ஏறினாலும்
அவனுக்குக் கடைசிவரை ஆட்டின் சொல்தான்.
அடுத்த கோட்டில் பேனா நின்றுவிட்டது.
கைப்பையில் கடிதம், நான்காக மடித்தது.

அதற்குள் பேர் கூப்பிட்டார்கள்.
டாக்டர் சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை.
கடிதத்தை வாங்கிப் பிரிக்காமல் ஓரமாக வைத்தாள்.
மேசை விளக்கை இழுத்து
அவர் கைகள்மேல் திருப்பினாள்.

"டிரம்மில் எத்தனை வருஷம்?"

எபிநேசர் என்னைப் பார்த்தார்.