கவ்வாத்து மாதம்

எங்கள் மலையில் இலை தானாய் உதிர்வதில்லை.
கத்தி வேண்டும்.
ஐப்பசி பிறந்ததும் ஐந்தாம் நம்பர் மலைக்கு
ஆண்கள் ஏறுகிறார்கள்.
ஒரே கிழமையில் பச்சை முழுக்கத் தரையில்.
மிச்சம் நிற்பவை
இடுப்பளவும் இல்லாத சாம்பல் குச்சிகள்.
கொழுந்தெடுத்துத் திரிந்த என் கைக்கு
அங்கே வேலையில்லை.
எட்டிப் பார்த்தால் போதும்:
இத்தனை வருஷம் மறைந்திருந்த கல்லெல்லாம் தெரிகிறது,
ஒரு கல்லின்மேல் உடும்பு,
அதுவும் என்னைப் போலவே ஆச்சரியப்பட்டு.

வினுஷாவின் பயிற்சிப் புத்தகம் சொல்கிறது:
‘இலையுதிர்காலப் படம் ஒன்று ஒட்டுக.’
மாதிரிப் படத்தில் மஞ்சள் மரம்,
சிவப்புத் தொப்பிப் பிள்ளை, ஒரு நாய்.
“நமக்கு இது எந்த மாசம்மா?”
தெரிந்தால் சொல்ல மாட்டேனா.

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு வெரளிக்காய் மரம்.
அதற்கு மாசக் கணக்கில்லை.
வருஷம் முழுக்க ஒன்று, இரண்டு என்று
இலை சிவக்கும், விழும்,
சம்பளநாள் பார்க்காமல் செலவு செய்கிறவன் மாதிரி.
பதினொரு இலை பொறுக்கி வந்தாள்.
ஒன்று பாதி பச்சை.
அதை வீசச் சொன்னேன்,
“இது இன்னும் வந்துக்கிட்டு இருக்கும்மா” என்று
சோற்றுப் பருக்கை தடவி
அதைத்தான் முதலில் ஒட்டினாள்.

இரண்டு மணிக்கு அப்புத்தளைப் பக்கமிருந்து
மூடுபனி ஏறியது.
பதுளைக்குப் போகிற ரயிலில்
நான்கு பெட்டியை எடுத்துக்கொண்டது.
மற்றது ஊதிக்கொண்டே போனது.

அவர் வந்தார், தலையில் விறகுக்கட்டு,
உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.
கட்டை அவிழ்த்து நேரான குச்சி தேடினார்.
தேயிலையில் நேர்க்குச்சி கிடைப்பதும்
நல்ல மாமியார் கிடைப்பதும் ஒன்று,
கிடைத்தாலும் எங்காவது ஒரு கணு இருக்கும்.
இரண்டு தேறியது.
உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி,
முனை சீவி,
தேங்காயெண்ணெய் பூசி நீட்டினார்:
“இந்தா. இனி கம்பி இல்லேன்னு சொல்லாத.”

பண்டாரவளைச் சந்தையில்
முழங்கை போன ஜேர்சி ஒன்று வாங்கியிருந்தேன்,
கடுகுப் பொடி நிறம்.
எந்தக் குளிர்நாட்டில் யார் போட்டதோ,
பையில் ஒரு பஸ் டிக்கெட், படிக்க முடியாத எழுத்து.
பிரித்தேன்.
அவர் இரண்டு கையையும் நீட்டி
பொலிஸ் பிடித்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.
நூல் அவர் கைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது.
பழைய மடிப்பின் சுருள் போகவில்லை.
கேத்தல் ஆவியில் பிடித்தும் போகவில்லை.
போகட்டும்.

அடுப்பில் கவ்வாத்து விறகு.
புகையில் தேயிலை வாசம் துளியும் இல்லை,
வெறும் புகை,
ஆனாலும் நல்ல புகை.
சாம்பலுக்குள் நான்கு வெலிமடைக் கிழங்கு.
அடிபட்ட பியர்ஸ் பழம், மலிவு,
கறுத்த இடம் சீவி
உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்டுப் பிசைந்தது.
செபமாலை அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
“என்ன வாசம்டி அது?” என்றாள்.
வாசத்தோடு கேள்வியும் முடிந்துவிடாது,
ஒரு கிண்ணம் கொண்டு போனேன்.

மூன்று நாள் பின்னினேன்.
இடது குச்சியின் கணுவில்
வரிசைக்கு ஒருதரம் கண்ணி இடறும்.
இடறிய இடத்தில் ஒரு மூச்சு நிற்கும்,
பனி தகரத்தில் சொட்டுவது கேட்கும்.
எண்ணிக்கை மறந்து போகும்.
அப்படியே
தொப்பி பெரிதாகிப் போனது.
வினுஷா போட்டால் மூக்குவரை இறங்குகிறது.
அவருக்குக் காதில் நிற்கவில்லை.
ஆளுக்கு ஒருதரம் போட்டுச் சிரித்து
யாருடைய தலையும் இல்லை என்று ஆனபின்
அவள்தான் அதை எடுத்துக்
கேத்தலின்மேல் கவிழ்த்தாள்.

அளவெடுத்தது போல் இருந்தது.
மூக்குக்கு மட்டும் ஒரு பொத்தல் விட்டேன்.

பனி கலைய அன்று ஆறு மணி ஆனது.
கடைசிக் கோப்பையும் சூடாகவே இருந்தது.

பயிற்சிப் புத்தகத்தில் இப்போது
பதினொரு இலைக்குக் கீழே
தொப்பி போட்ட கேத்தல் நிற்கிறது.
நாய்க்கு இடமில்லை.
டீச்சர் சரி போடுவாரோ, சுழிப்பாரோ.
ஒட்டும்போது பாதி பச்சையாய் இருந்தது
தாளுக்குள்ளேயே
மெல்லச் சிவந்துகொண்டிருக்கிறது.