அறுபத்தொன்று

வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குமேல்
கட்டணம் இல்லை.
அந்தப் பலகையை வாசலில் வைப்பதும் நான்தான்,
ஒன்பதுக்கு எடுத்து உள்ளே சாய்ப்பதும் நான்தான்.
நடுவே நான்கு மணி நேரம்
ஒருவரும் சட்டை செய்யாத அறையில்
சட்டைகளுக்குக் காவல்.

மற்ற நாட்களில் வருபவை கம்பளிக் கோட்டுகள்,
உள்துணிக்கும் வாசனை தெளித்தவை.
வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேறு:
இருட்டில் ஒளிரும் பட்டை தைத்த
சாலைப்பணிக்காரர் மேலங்கிகள்,
தேவாலயத்தில் பொரித்த மீனின் வாடை,
ஒற்றைக் கையுறை மட்டும் மிஞ்சிய
குழந்தை அங்கிகள்.
ஜிப் அறுந்து ஊசி குத்திய ஒன்று வரும்.
அதை மாட்டும்போது மட்டும்
கொக்கி சத்தமிடாமல் பார்த்துக்கொள்வேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று
ஒரு சுற்று காட்டினார்கள்.
ஒரு குதிரை நினைவிருக்கிறது.
மற்றபடி மேல்தளம் எனக்கு வெறும் ஓசை.
முதல் வாரம் செல்லோ,
கூரை வழியே அடிவயிற்றுக்கு இறங்கும்.
இரண்டாம் வாரம் போர்ட்டோ ரிக்கோ ஆட்டம்,
குழல்விளக்கு நடுங்கும்.
மூன்றாம் வாரம் கவிதை;
கவிஞர்களைக் கைதட்டலின் நீளத்தால் அறிவேன்.
நான்காம் வாரம் ஓவிய வகுப்பு.
யாராவது கரித்துண்டைத் தவறவிட்டால்தான்
ஆளிருப்பது தெரியும்.

அன்று நான்காம் வாரம்.
ஈரி ஏரியிலிருந்து பனி பக்கவாட்டில் அடித்தது.
பாலத்தை மூடிவிட்டார்கள்.
இருபத்திரண்டாம் தடப் பேருந்து
எங்கள் வாசலோடு நின்றுவிட்டது.
ஓட்டுநர் லேமார் ஓகிள்ட்ரீ
கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டார்.
கோட்டைக் கழற்றித் தந்தார்.
வில்லை எண் அறுபத்தொன்று.

வகுப்புக்கு உட்கார வேண்டிய பெண்
எங்கோ பனியில் சிக்கியிருந்தாள்.
ஆசிரியை ஷிமான்ஸ்கி படியிறங்கி வந்து,
கை துடைத்தபடி வந்த லேமாரை
நாற்காலி வாங்க வந்தவர்போல்
ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.
"உங்களுக்கு உட்காரத் தெரியுமா?"
"இருபத்தாறு வருஷமாய் அதுதான் உத்தியோகம், அம்மா."

நாற்பது நிமிடம்.
மேலே ஒரு கரித்துண்டும் விழவில்லை.
வெளியே அவருடைய பேருந்தில்
காலி இருக்கைகளுக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
நான் சும்மா இருந்தேன்.
இல்லை, கோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.
இடது தோளில்
இருக்கைப்பட்டை உரசி உரசிப் பளபளப்பு.

இறங்கி வந்தவர் கையில் பதினோரு தாள்கள்.
என் மேசையில் பரப்பினார்.
ஒன்றில் காதே இல்லை.
ஒன்றில் அவர் ஒரு நீதிபதி.
ஒன்றில் தாடை இருக்க வேண்டிய இடத்தில்
அழிப்பான் கிழித்த ஓட்டை.
யாரிட்ஸா, வயது ஏழு என்று கையெழுத்திட்டவள்
முகத்தை விட்டுவிட்டாள்.
நான்கு பொத்தான்கள்,
கீழே ஐந்தாவது இடத்தில்
தொங்கும் நூல்.

"ஊருக்கு என் பின்தலைதான் தெரியும்," என்றார்.
"கண்ணாடியில் நான் அவர்களைப் பார்ப்பேன்,
அவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள்.
இன்றைக்கு என்னை யாரும்
எங்கேயும் போகச் சொல்லவில்லை."
பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு,
"இதில் எது நான்?"

பொத்தான்களைக் காட்டினேன்.
குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
"காலையில் ஐந்து இருந்ததே!"
அவர் சிரித்த சிரிப்பில்
காவலர் டெஸ்மண்ட் எட்டிப் பார்த்தார்.

பாலம் திறந்தது. பேருந்து போயிற்று.
ஒன்பதுக்குப் பலகையை எடுத்து வைத்துவிட்டுப் பெருக்கினேன்.
கோட்டைக் கழற்றிய இடத்திலேயே
மேசைக்கடியில் கிடந்தது ஐந்தாவது.

அடுத்த வெள்ளி இருபத்திரண்டை
வேறொருவர் ஓட்டி வந்தார்.
லேமார் பகல் நேரத்துக்கு மாறிவிட்டாராம்.
பகலில் எங்களுக்குக் கட்டணம் உண்டு.

பொத்தான் என் சில்லறைக் கிண்ணத்தில் இருக்கிறது,
சாம்பல் நிறம், நான்கு துளை.
அதைக் காசென்று நினைத்துச் சிலர்
பக்கத்தில் ஒன்று போட்டுவிட்டுப் போகிறார்கள்.