அச்சின் வயசு

வக்கீல் குமாஸ்தா ஆட்டோவிலிருந்து இறக்கினான்,
சாக்கில் சுற்றி, பிணம் மாதிரி.
இருபத்தொரு கிலோ. இரண்டடிக்கு ஒரு விரல் குறைவு.
செல்லூர் ஒச்சப்பன் மெஸ்ஸின் தோசைக்கல்.
"எண்பத்தொண்ணுக்கு முன்னாடியா, பின்னாடியா?
அது மட்டும் எழுதிக் குடுங்கக்கா."

எண்பத்தொன்றில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தார்கள்.
முன்னாடி என்றால் அப்பன் வாங்கினது, தவசிக்கும் பங்கு.
பின்னாடி என்றால் ஒய்யணன் கைக்காசு.
இப்போது அந்தக் கல்லின் பேரில்தான் கூட்டம் வருகிறது.
கல்லாப்பெட்டி, ஆட்டுரல், முக்காலி,
எல்லாவற்றுக்கும் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது.
கல்லுக்கு மட்டும் இல்லை.
சூடாக இருந்திருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.
அன்றைக்கு இறங்கிய தவசி
அந்தக் கடைப் படியை அப்புறம் மிதிக்கவில்லை.

நான் நெல்பேட்டையில் பழைய இரும்பு எடைபோடுகிறவள்.
கிலோவுக்கு எவ்வளவு என்பதுதான் படிப்பு.
எந்த இரும்பு எத்தனை நாள் தீயைப் பார்த்தது என்று
கைக்கும் கொஞ்சம் தெரியும்.

கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினேன்.
பள்ளிக்கூடம் விட்ட மாதிரி கேட்டது. விரிசல் இல்லை.
புரட்டினேன். உருகின இரும்பை ஊற்றிய வாய்
நடு முதுகில், நீள வடு.
பழைய முறைதான். ஆனால் ஊற்றுகிற ஆள் பழையவராயிருந்தால்
போன மாசம் வார்த்ததிலும் இதே வடு இருக்கும்.
ஒரு காது அறுபட்டிருந்தது,
அரத்தின் கோடில்லை, கிரைண்டரின் சுழி.
கேஸ் அடுப்புக்குப் பெட்டி கட்டினபோது இடித்திருக்க வேண்டும்.
அது காது போன வருஷம்.
கல் பிறந்த வருஷம் இல்லை.

கரி மட்டும் நெல்மணிக் கனம்.
அதற்கடியில் என்னவோ மேடு, விரலுக்குத் தட்டியது.
காஸ்டிக் சோடா டிரம்மில் மூன்று நாள் முக்கிவைத்தேன்.
முதல் நாள் தண்ணீர் காப்பி. மறுநாள் தார்.
மூன்றாம் நாள் வெளியே வந்தது
சாம்பல் நிறத்தில், குளிரில் நடுங்குகிற பிள்ளையாட்டம்.
முதுகில் தேய்ந்த பேர், பாதிதான் மிச்சம்:
...வார்ப்பாலை, மதுரை.
அந்த லை,
யானை துதிக்கையைத் தூக்கின பழைய லை.
எழுபத்தெட்டில் சர்க்கார் இறக்கிவைத்த துதிக்கை.

குமாஸ்தா தொடையில் தட்டினான்.
"முடிஞ்சதுக்கா கேஸு."

எனக்கு முடியவில்லை.
பட்டறையில் மர அச்சு ஒன்றுதான் இருந்திருக்கும்.
சர்க்கார் எழுத்தை மாற்றிவிட்டது என்று
எந்த ஆசாரி அச்சை அடுப்பில் வைப்பான்?
அதே துதிக்கையை இன்னும் பத்து வருஷம் மண்ணில் அமுக்கியிருப்பான்.
எழுத்துக்கு அச்சின் வயசுதான் தெரியும்.

"அப்ப கரிய வச்சுச் சொல்லுங்க."
சாக்கடையைக் காட்டினேன்.
இரண்டாம் ஆட்டம் விட்டு வந்தவர்களின் முட்டை தோசையெல்லாம்
தெற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

எழுதிக் கொடுத்தேன்:
வந்தபோது எடை இருபத்தொன்று. இப்போது இருபதே முக்கால்.
அந்தக் கால் கிலோவுக்கு நான் பொறுப்பு.
வயது நிர்ணயிக்க இயலவில்லை.
                                                ராவியத்து பீவி.

வாய்தா கார்த்திகைக்குத் தள்ளிப்போனது.
அதுவரை கல் என் கடையில்.
வெறும் இரும்பு, ஒரு ராத்திரி விட்டால் சிவந்துவிடும்.
கடை சாத்தும்முன் நல்லெண்ணெய் தடவித் தீயில் காட்டுகிறேன்.
முதல் தோசை முழுசாக ஒட்டிக்கொண்டது.
பதினோராவது பாதி வந்தது.

நேற்று தவசி வந்தார்.
கேஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
பல்பு வெளிச்சம் என் முகத்தில், அவர் கண்ணும் என்மேல்தான்.
தூக்கிப் பார்க்கக் குனிந்தார்.
வலது கை காதைப் பிடித்தது.
இடது கை நேரே போய்
இல்லாத காதைச் சுற்றி மூடிக்கொண்டது,
காற்றில், சரியாக அந்த அகலத்துக்கு.

நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுகிற மாதிரி
திரும்பிக்கொண்டேன்.